வட்டைக் கதையும் தண்டவாளக் கதையும்

போன கிழமை ஒரு மத்தியானம். கடையில் சனம் இல்லை. சல்வார் துணிக்கட்டு ஒன்று வெட்டி முடிந்து, உள்ளே இருந்த மட்டை மட்டும் கையில் மிஞ்சியது. அந்த மட்டையின் மணம் துணிக்கடைக்காரர்களுக்குத்தான் தெரியும். கஞ்சியும் தூசியும் ஏதோ ஒரு சாயமும் சேர்ந்த மணம். சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் பின்னேரம் வரைக்கும் விரலில் நிற்கும். நான் அதை மூக்குக்குக் கிட்டப் பிடித்து முகர்ந்துகொண்டு நின்றேன். மாமா பார்த்திருந்தால் பேய் பிடித்துவிட்டது என்று தண்ணீர் ஓதிக் கொடுத்திருப்பார்.

காரணம், காலையில் தம்பி போனுக்கு அனுப்பியிருந்த வீடியோ. "இது ஒங்கட கூட்டாளிதானே, நானா?" என்று கேட்டிருந்தான்; நானா என்றால் எங்கள் ஊரில் அண்ணன். திறந்து பார்த்தேன். சுதன்! குளிர் தேசம் ஒன்றில் கழுத்து வரை கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கன்னம் உப்பியிருக்கிறது, தாடி விட்டிருக்கிறான். விளையாட்டு ஒன்று செய்திருக்கிறானாம், யாரோ பேட்டி எடுக்கிறார்கள். "கதைய முதலே எழுதி வைக்கக் கூடாது. விளையாடுற ஆள ஒரு பக்கமும் தள்ளக் கூடாது. மட்டக்களப்புல நாங்க அப்பிடித்தான் விளையாடினம். எங்கட மேசையில ஆரும் எங்கயும் போகலாம்" என்கிறான். அந்த இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டேன். என்ன வாயடா உனக்கு! உன் நாக்குக் கூசவில்லையா?

மன்னிக்கவேண்டும், ஆரம்பத்திலேயே சத்தம் போட்டுவிட்டேன். விளையாட்டு என்னவென்று சொல்லாவிட்டால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்கு விளங்காது.

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் இருப்பார்கள். ஒருவன் கதைக்காரன். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: ஒருவர் வைத்தியர், ஒருவர் கள்ளன், ஒருவர் தோணி ஓட்டி. "ஆற்றங்கரைக்கு வந்திட்டீங்க. அங்கால காட்டுக்குள்ள நெருப்பு வெளிச்சம் தெரியுது. என்ன செய்யப் போறீங்க?" என்று கதைக்காரன் கேட்பான். நீங்கள் செய்யப்போவதைச் சொல்லவேண்டும். அது கைகூடுமா என்று பார்க்க இருபது முகம் உள்ள கட்டை ஒன்றை உருட்டவேண்டும். அவ்வளவுதான். சூது இல்லை, பந்தயம் இல்லை. கேட்டுவிட்டு, "வளந்த மனிசர் விளையாடுற விளையாட்டா இது?" என்றார் என் உம்மா. உம்மாவைப் பிழை சொல்ல ஏலாது.

அந்தக் கட்டை சுதனுக்குக் கிடைத்தது அவன் வேலை செய்த தொண்டு நிறுவனத்தில். அங்கே வந்திருந்த வெள்ளைக்காரப் பொடியன் ஊருக்குத் திரும்பும்போது ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனான். உள்ளே ஒரு தடித்த புத்தகமும் பல வடிவக் கட்டைகளும். புத்தகத்தில் பனிமலையும் கோட்டையும் பறக்கும் பாம்பும். பனியை நாங்கள் குளிர்சாதனப் பெட்டிக்குள்தான் கண்டிருக்கிறோம். ஆகவே சுதன் எங்கள் வாவியை வரைந்தான். எங்கள் கடை மட்டைகளை ஒட்டுநாடாவால் பொருத்தி, அதில் நீல மையால் வாவி, பச்சையால் கரைச் சேற்றில் நிற்கும் கண்ணாக் காடு, மண்ணிறத்தால் வயல். எங்கள் கடைப் பொத்தான்கள்தான் ஆட்கள். பெரிய கோட்டுப் பொத்தான் வந்தால் பூதம் வந்துவிட்டது என்று அர்த்தம். "தயவுசெய்து எங்கட ஊரெண்டாலே சொல்ற பாடுமீன மட்டும் போட்டுராத. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சிப் போச்சி" என்று மேகலா அக்கா கையெடுத்துக் கும்பிட்டார்.

மேகலா அக்கா சுதனின் தமக்கை. நாவற்குடாவில் அவர்கள் வீட்டு மாடியறையில் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிப்பார். ஞாயிறு பின்னேரம் வகுப்பு இல்லை, அறை எங்களுடையது. வெண்கட்டித் தூள் மணமும் யன்னலால் வரும் உப்புக் காற்றும் இஞ்சித் தேத்தண்ணியும். தன்னாமுனையிலிருந்து அன்ரன் மோட்டார் சைக்கிளில் வருவான். மின்சார வேலை பார்ப்பவன், வாய் குறைவு, தீனி கூட. நான் காத்தான்குடியிலிருந்து மஸ்கட் இனிப்பு ஒரு பொட்டலம் கொண்டு போவேன். பாதிப் பொட்டலம் அன்ரனுக்குத்தான்.

முதலில் கதைக்காரனாக இருந்தது நான். கடையில் இருந்தபடியே கதையை அடி முதல் நுனி வரை யோசித்து வைத்துவிடுவேன். முதலில் சந்தை, பிறகு களவு போன மாலை, பிறகு குகை, கடைசியில் பூதம். ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டம். யாராவது பாதையை விட்டு விலகினால் எனக்கு வேர்த்துவிடும். குகைக்கு வலப்பக்கம் போகவேண்டிய இடத்தில் அன்ரன் இடப்பக்கம் போகிறேன் என்பான். "அங்கால போக ஏலா. வெள்ளம்" என்பேன். பின்பக்கம் போகிறேன் என்பான். அங்கேயும் வெள்ளம். "இவன்ட கதையில எந்தப் பக்கம் கிறுகினாலும் மாரிதான்" என்று மேகலா அக்கா சிரிப்பார். என் கதைகளுக்குத் தண்டவாளக் கதை என்று பெயர் வைத்தவன் சுதன். கொழும்புக் கோச்சி மாதிரி ஏறினால் இறங்க ஏலாதாம்.

அவனுக்கு அது சரிவரவில்லை. வயல்வெளியை எங்கள் பக்கம் வட்டை என்போம். அவர்களுக்கு வாவிக்கு மேற்கே வட்டையில் கொஞ்சம் நிலம் இருந்தது. "வட்டைக்குள்ள இறங்கினா எந்த வரம்பாலயும் நடக்கலாம் மச்சான். கதையும் அப்பிடி இரிக்கணும். நான் இடத்தத்தான் போட்டுத் தருவன். கதைய நீங்க நடந்து உண்டாக்குங்க" என்றான். இப்படித்தான் வட்டைக் கதை தொடங்கியது. வாவி முழுக்கத் திறந்து கிடந்தது. ஒரு கரையில் கொள்ளையர், ஒரு தீவில் பழைய கோயில், ஒரு முகத்துவாரம், யாரும் போகாத காடு. எங்கள் கையில் ஒரு வள்ளம். வள்ளம் ஓட்டுபவர் என் பாத்திரம், தோணிக்கார லெப்பை. தொப்பி போட்ட, எதற்கும் எரிந்து விழுகிற, நல்ல மனசுள்ள கிழவன். என் மாமாவை அப்படியே தூக்கி வைத்திருந்தேன் என்பது மாமாவுக்குத் தெரியாது.

முதல் நாள் சுதன் இரண்டு கையையும் விரித்து, முகம் முழுக்கச் சிரிப்போடு கேட்டான்: "எங்க போறீங்க?"

அன்ரன் மெதுவாக, "கடைக்கு" என்றான்.

"எந்தக் கடைக்குடா?"

"சும்மா... சாமான் வாங்க. சுறுக்கா வந்திருவம்."

நான் சொன்னேன்: "மாமி ஊட்டுக்குப் போறம். மகரிபு தொழுகைக்கு முன்னுக்குத் திரும்பிருவம். மூண்டு பேர்தான்."

அதைவிடப் பெரிய கூத்து மேகலா அக்கா செய்தது. அவர் கை கைப்பைக்குள் போய்விட்டது. அடையாள அட்டையைத் தேடுகிறார்! பாதியில் அவருக்கே தெரிந்து, கையை வெளியே எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

சுதன் மேசையில் அடித்தான். "அடேய்! நான் என்ன ஆமிக்காரனா? பூதம் இரிக்கி, புதையல் இரிக்கி, வாவி முழுக்க உங்கட. கடைக்காம் கடைக்கு!"

வயிறு நோகச் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்விக்கு எங்களுக்கு வேறு பதில் தெரியாது. சின்னன் முதல் பாலத்துக்குப் பாலம், சந்திக்குச் சந்தி, தோளில் துவக்கு மாட்டி நின்றவர்கள் கேட்ட கேள்வி அது. போகும் இடம் கிட்டவாக இருக்கவேண்டும், காரணம் சின்னதாக இருக்கவேண்டும், திரும்பும் நேரம் வெளிச்சத்தோடு இருக்கவேண்டும். அப்படித்தான் வளர்ந்தோம். அதற்குப் பிறகும் எத்தனையோ கிழமை, வரைபடத்தில் பாலம் வந்தால் நாங்களாகவே வள்ளத்தை ஓரங்கட்டி, "ஆர் நிக்கிறாங்க?" என்று கேட்போம். "ஒருத்தரும் இல்ல!" என்று சுதன் கத்துவான். நாங்கள் நம்பமாட்டோம். அன்ரன் ஆளனுப்பிப் பார்ப்பான்.

நான் விடவில்லை. "இதுக்குத்தான் சொல்றன், சனத்துக்குப் பாதை போட்டுக் குடுக்கணும். திறந்த வெளியில விட்டா தடுமாறிப் போகும்" என்றேன். "பாதை போட்டுப் போட்டுத்தான் எங்களப் பழுதாக்கி வெச்சிரிக்காங்க" என்றான் சுதன். அன்றைக்கு அவனோடு நன்றாகச் சண்டை பிடித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் யோசித்தேன். அவன் சொன்னதுதான் சரி. என் சொந்தக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு, பிறகு மாமா கடை, பிறகு அவர்கள் பார்த்த பெண், பிறகு பெண் வீட்டார் கட்டித் தரும் வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போவது. வாப்பா எழுதி வைத்த கதை. கட்டத்துக்குக் கட்டம் போய்க்கொண்டிருந்தேன். எங்கே போக ஆசை என்று என்னிடம் கேட்ட ஒரே இடம் அந்த மேசை. அதனால்தான் அது எனக்கு அவ்வளவு பெரிது. கடையில் ஆறு நாள் துணி விரித்து மடித்தது அந்த ஒரு பின்னேரத்துக்காக.

பிறகு ஒரு நாள் சுதன் வழக்கம்போலக் கேட்டான். அன்ரன் மஸ்கட்டை மென்றுகொண்டே, "சும்மா போறம். போய்ப் பார்ப்பம்" என்றான். அறை முழுக்க ஒரே கூச்சல். மேகலா அக்கா எழும்பி நின்று கை தட்டினார். அன்றைக்கு வள்ளத்தைத் தண்ணீர் இழுத்த பக்கம் விட்டோம். பூதம் வரவில்லை, புதையல் வரவில்லை. ஒரு கரையில் இறங்கி, மீன் சுட்டுத் தின்று, ஆளுக்காள் வாயாடி, வந்துவிட்டோம். கதை என்று சொல்ல ஒன்றும் நடக்கவில்லை. இவ்வளவு நாள் விளையாடியதில் எனக்குப் பிடித்தது அந்தப் பின்னேரம்தான். என் தண்டவாளத்தில் அப்படி ஒரு நாள் வந்திருக்கவே மாட்டாது.

எங்கள் மேசைக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒருவர் வராவிட்டால் அவருடைய ஆள் வள்ளத்துக்குள் நித்திரை. அவரை ஒருவரும் எழுப்பக் கூடாது, இறக்கக் கூடாது, அவருக்கு ஒன்றும் நடக்கக் கூடாது. நோன்பு மாதத்தில் பின்னேரம் எனக்குத் தலை சுற்றும். லெப்பை மாதம் முழுக்கக் குறட்டை விடுவார். மேகலா அக்காவின் வைத்தியர் பரீட்சைக் காலத்தில் படுத்துவிடுவார். பெருநாள் முடிந்து நான் படியேறினால், "லெப்பை எழும்பிட்டார், தேத்தண்ணிய ஊத்துங்க!" என்று அன்ரன் உள்ளே இருந்து குரல் கொடுப்பான்.

பிறகு அந்த ஈஸ்டர் ஞாயிறு வந்தது, தேவாலயங்களில் குண்டு வெடித்த ஈஸ்டர். மிச்சத்தை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெடிக்க வைத்தவர்களில் எங்கள் ஊரவனும் இருந்ததால் எங்கள் ஊரின் பெயரும் செய்தியில் அடிபட்டது. தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறிய நாட்கள். அன்ரனுடைய அக்காவின் மகன் அன்றைக்குக் காலையில் கோயிலுக்குப் போனவன். திரும்பி வரவில்லை. செத்த வீட்டுக்குப் போகவேண்டும் என்று துடித்தேன். "நீ போனா அவங்கட துக்கமும் கெடும், உன்ட உசிரும் கெடும்" என்று வாப்பா கதவைப் பூட்டினார்.

கொஞ்ச நாளில் அன்ரன் தானே போன் எடுத்தான். குரலே அவனுடையதாக இல்லை. "உன்னில பிழை இல்ல எண்டு எனக்குத் தெரியும் மச்சான். ஆனா இப்ப உன்ட முகத்தப் பார்க்க ஏலாமக் கிடக்கு. கொஞ்சக் காலம் போகட்டும்" என்றான். நான் அழுதேன், அவனும் அழுதான். அந்த வார்த்தையில் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. சொல்ல அவனுக்கு நியாயம் இருந்தது. சொல்லத் தைரியமும் இருந்தது.

சுதனிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. விளையாட்டை நிற்பாட்டியாச்சு, ஒருத்தருக்கும் மனமில்லை, பிறகு பார்ப்போம் என்று. நியாயம்தானே? யாருக்கு மனம் வரும்? நம்பினேன். முழுசாக நம்பினேன். கடையில் நல்ல மட்டையாகப் பார்த்துப் பின்பக்கம் சேர்த்து வைத்தேன், திரும்பத் தொடங்கும்போது வரைபடத்தின் தெற்குப் பக்கத்தைப் பெரிதாக்கலாம் என்று. என் மடத்தனத்தைப் பாருங்கள்.

மாதங்கள் போயின. ஒரு ஞாயிறு பின்னேரம் என்னால் இருக்க முடியவில்லை. விளையாட்டு இல்லாவிட்டால் பரவாயில்லை, சுதனையும் அக்காவையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம். மட்டைகளைக் கட்டி சைக்கிள் கரியரில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். ஊர் எல்லையில் சோதனைக்குத் திரும்பவும் ஆமிச் சென்றி போட்டிருந்தார்கள். சின்ன வயசு ஆமிக்காரன் ஒருவன் மறித்து, உடைந்த தமிழில் கேட்டான்: "எங்க போறது?"

என் வாயிலிருந்து வந்தது, "சும்மா."

வாழ்நாளில் ஒரு சென்றியில் அப்படிப் பதில் சொன்னதில்லை. அல்லாவே, செத்தேன் என்று நினைத்தேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். கயிற்றை அவிழ்க்கச் சொன்னான். மட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். "இது என்னத்துக்கு?" என்றான். விளையாட என்றேன். கேட்டவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போ என்று கையைக் காட்டினான். ஆமிக்காரன் விட்டுவிட்டான்.

நாவற்குடா வீட்டுப் படியடியில் சுதனின் மோட்டார் சைக்கிள் நின்றது. அக்காவின் செருப்புக் கிடந்தது. பக்கத்தில் எனக்குத் தெரியாத இரண்டு சோடிச் செருப்புகள். அன்ரனுடையது இல்லை. நான் முதல் படியில் கால் வைத்தேன். மேலே கட்டை உருளும் சத்தம். பிறகு சுதனின் குரல், அதே குரல், அதே சந்தோசம்: "எங்க போறீங்க?"

"சும்மா போறம்!" என்றது ஒரு புதுக் குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

கால் அந்தப் படியிலேயே நின்றுவிட்டது. அப்போதும் மனம் என்ன சொல்கிறது தெரியுமா? இன்றைக்குத்தான் தொடங்கியிருப்பார்கள், இனித்தான் உன்னைக் கூப்பிடுவார்கள் என்று. மனத்துக்கு வெட்கம் கிடையாது.

மேகலா அக்காவின் குரல் கேட்டது. "தம்பி, லெப்பை இன்னும் வள்ளத்துக்க படுத்திரிக்கார். அவர என்ன செய்யிற? எத்தின நாளைக்குத்தான் படுத்துக் கிடப்பார்?"

பிறகு சுதன்: "லெப்பை இறங்கிட்டார், அக்கா."

"எப்ப? எங்க?"

"போன தரம் கரைக்கு வந்தம்தானே, அதுல. நேர அவர்ட ஊருக்குப் போயிட்டார். இனி வரமாட்டார்."

"அவரா இறங்கினவர்?"

"ஓம். அவராத்தான்."

அக்கா அதற்கு மேல் கேட்கவில்லை. ஒரு பொத்தானை வரைபடத்திலிருந்து எடுத்தால் தட்டென்று ஒரு சத்தமும் வராது. ஆகவே அதை எப்போது எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கட்டை மட்டும் உருளவில்லை. எங்கள் மேசையில் ஒரு கொசு கடிப்பதென்றாலும் கட்டை உருட்டவேண்டும். லெப்பையை ஊருக்கு அனுப்ப யாரும் ஒன்றும் உருட்டவில்லை. நான் குகை வாசலில் வெள்ளத்தைக் கொண்டுவந்து விட்டவன்தான், ஒத்துக்கொள்கிறேன். என் வெள்ளம் எல்லோருக்கும் பொது. அவனோ வாவி முழுவதையும் திறந்து வைத்துவிட்டு, ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் தண்டவாளம் போட்டான். அதுவும் அந்த ஆள் நித்திரையில் கிடக்கும்போது.

பயம் என்று சொல்லியிருக்கலாம். வந்திருந்த புதுப் பொடியன்கள் விரும்பவில்லை, அயலவர்கள் கதைக்கிறார்கள், உன்னை மாடிக்கு ஏற்றினால் அக்காவின் வகுப்புக்குப் பிள்ளைகள் வராது. எதையாவது என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். அன்ரன் சொன்னானே! பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்காரன் சொன்னானே! சுதனுக்கு ஒன்றும் போகவில்லை. அவனுக்குப் போன ஒரே ஆள் நான். அதையும் நானாகவே போனேன் என்று சொல்லிவிட்டான்.

மட்டைகளைப் படியிலேயே வைத்துவிட்டு சைக்கிளைத் திருப்பினேன். நாவற்குடாவில் அந்த மட்டை வேறு எந்த வீட்டிலும் கிடையாது. இறங்கி வந்தவுடன் யார் வந்து நின்றதென்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அன்றிரவு போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தேன். அடுத்த நாள் அழைப்பு ஒன்றும் வரவில்லை. அடுத்த கிழமை வரவில்லை. அதற்குப் பிறகு நானும் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

சுதன் வெளிநாடு போனது ஊர்க்கதையில்தான் காதில் விழுந்தது. மேகலா அக்கா கலியாணம் முடித்துத் திருகோணமலைக்குப் போய்விட்டார் என்கிறார்கள். மாடியறையை வாடகைக்குக் கொடுத்து, இப்போது அங்கே வெளிநாட்டு விசாவுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறார்களாம். அன்ரன் ஒரு தரம் கடைக்கு வந்தான், தேவாலயத்தில் மகளின் முதல் நன்மைச் சடங்குக்கு வெள்ளைத் துணி எடுக்க. நன்றாக மெலிந்திருந்தான். துணியைத் தடவிக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி, "லெப்பை எப்பிடி?" என்றான். "இரிக்கார்" என்றேன். அவனுக்கு நல்ல துணியாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தேன். அவனும் இப்போது கட்டாரில்.

சென்றியை எடுத்து வருசங்கள் ஆகிவிட்டன. அதே ரோட்டில் பஸ்ஸும் ஓட்டோவும் தங்கள் பாட்டில் ஓடுகின்றன, மறிப்பார் இல்லை. கடை வாசலில் பஸ் ஏறி உட்கார்ந்தால், தேத்தண்ணி ஆறுவதற்குள் நாவற்குடா. அங்கே படியேறிப் போக எனக்கு ஒரு வீடும் இல்லை.